நாற்பது கிரெயின் குறைவு

மே 9
தோள் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அப்பாவின் கை நடுங்குகிறது. போட்டியில் சுட அவர் வீட்டிலேயே கட்டும் தோட்டாக்களை இனி நான்தான் கட்ட வேண்டும். வெடிமருந்தை அளந்து ஊற்றும்போது பின்னால் வந்து நின்றார். "பாத்து, லோர்னா. இது நீ பிசையற ரொட்டி மாவு இல்ல." எனக்கு வயது நாற்பத்து மூன்று.

மே 17
நானும் போட்டியில் சுட வேண்டும் என்று சாப்பாட்டு மேசையில் சொல்லித் தொலைத்தேன். அதுவும் க்ளைட் இருக்கும்போது. அப்பாவும் அவரும் முப்பது வருடமாக முறைத்துக்கொண்டே ஒன்றாகச் சுடுகிறவர்கள்.
"இவளா? மாட்டுக்கு உப்புக்கட்டி தூக்கத்தான் இவ தோள் லாயக்கு," என்றார் அப்பா. க்ளைட் இருமும்வரை சிரித்தார்.
அப்பா அவரைக் காட்டி என்னிடம் சொன்னார்: "என்னைக்கு இவன்கிட்ட தோக்கறேனோ, அன்னைக்கு என் துப்பாக்கி உனக்கு. அதுவரைக்கும் குழில நின்னு அட்டையத் தூக்கு."
இலக்கு அட்டைக்கு அடியில் இருக்கும் அந்தக் குழியில்தான் இத்தனை வருடமும் நிற்கிறேன். பிறர் போட்ட ஓட்டையைக் காட்டுவேன். குண்டு அட்டையைத் தொடாவிட்டால் சிவப்புத் துணியை ஆட்டுவேன். வயோமிங்கில் எனக்குத் தெரிந்த பாதிப்பேர் என் துணியைத்தான் பார்த்திருக்கிறார்கள், முகத்தை இல்லை.

ஜூன் 2
அப்பாவின் தோட்டாவில் வைக்கும் குண்டு நூற்றெண்பது கிரெயின் எடை. அலமாரியில் அதன் பக்கத்திலேயே நூற்று நாற்பதும் இருக்கிறது. நூறு கஜத்தில் வித்தியாசமே தெரியாது. போட்டி நடக்கும் ஆயிரம் கஜத்தில் கனமான குண்டு காற்றுக்கு அவ்வளவாக அசையாது. லேசானதைக் காற்று இஷ்டத்துக்குத் தள்ளும். ஒரு பெட்டி முழுக்க லேசானதையே வைத்துக் கட்டினேன். தோட்டாவின் நீளம் பழைய நீளமே, பார்த்தால் தெரியாது.
துப்பாக்கியின் உதை குறையும், அவர் தோளுக்கு நல்லதுதானே? — பொய். இங்கே கூடவா பொய்? அவர் தோற்க வேண்டும்.

ஜூன் 3
வீட்டு மேட்டில் நூறு கஜத்தில் சுட்டுப் பார்த்தார். எல்லாம் ஒரே இடத்தில்.
"உதையே தெரியல. தோள் ஆறிடுச்சு போல." என்னைப் பார்த்துச் சிரித்தார். அபூர்வம்.

ஜூன் 14
போட்டி நாள். மேற்குக் காற்று விட்டுவிட்டு அடித்தது. குழியில் அப்பாவின் அட்டைக்கு நான்தான் ஆள். முதல் குண்டு ஓரத்தில். அப்புறம் அட்டையையே தொடவில்லை. துணியை ஆட்டினேன். திரும்பவும் ஆட்டினேன்.
குழியில் இருந்த ரேடியோவில் க்ளைட் அப்பாவைக் கேலி செய்வது கேட்டது: "ஹார்லன், மேகத்தையா சுடற?"
கை வலித்தது என்று எழுத ஆசை. வலிக்கவில்லை. சுகமாக இருந்தது.

ஜூன் 15
க்ளைட்டிடம் தோற்ற அப்பா சொன்ன சொல் மாறவில்லை. துப்பாக்கியை என் முன்னால் வைத்தார். "கண்ணு போச்சு. இனி உன்னுது."
அழுதுவிட்டேன். சனியன், எதற்கு அழுதேன்?

ஆகஸ்ட் 8
இரண்டு மாதமாகக் கனக் குண்டில் பழகுகிறேன், நன்றாக விழுகிறது. நாளை என் முதல் போட்டி. அப்பா ஒரு பெட்டியை நீட்டினார். "கை நடுங்குதுதான். இருந்தாலும் உனக்கு நானே கட்டணும்னு தோணுச்சு."
எல்லாவற்றையும் சொல்லிவிட நினைத்தேன். அவர் நெற்றியில் முத்தம் மட்டும் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 9
முதல் குண்டிலேயே தோளுக்குத் தெரிந்துவிட்டது. உதை இல்லை, லேசான குண்டு.
வேறு தோட்டா கொண்டுபோகவில்லை. எழுந்து போயிருந்தால் ஏன் என்று கேட்பார்கள். ஜூனில் நான் செய்ததையும் சொல்ல வேண்டிவரும். பெட்டி தீரும்வரை சுட்டேன். க்ளைட் இதற்கும் சிரித்தார்.
குழி வேலையை அப்பாவே கேட்டு வாங்கியிருந்தார். தொலைநோக்கியில் சிவப்புத் துணி தெரிந்தது. நிதானமாக, ஒரு நடுக்கமும் இல்லாமல் ஆட்டினார்.

ஆகஸ்ட் 10
காலையில் அப்பா முட்டைக்கு உப்பு கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.
"தோள் வலிக்குதா?"
"இல்லப்பா. உதையே தெரியல."