வடக்கு வரிசை

ஆகஸ்ட் 28

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம். என் முதுகு மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. குனிந்தால் நிமிர்த்திவிட ஆள் தேட வேண்டியிருக்கிறது.

நம் சர்ச் பங்குக்கு இந்த நவம்பரில் நூறு வயது. டீச்சர் ரிட்டையர் ஆகிச் சும்மாதானே இருக்கிறாள் என்று, பங்கின் வரலாறு எழுதும் வேலையைச் சாமியார் என் தலையில் கட்டிவிட்டார். கோயில் கதையை முடித்துவிட்டேன். தகரக் கொட்டகையில் நடந்த முதல் பூசை, மணி வந்தது, வந்த வருடமே அதில் விரிசல் விழுந்தது, எல்லாம் எழுதியாயிற்று. கல்லறைத் தோட்டம்தான் பாக்கி. யார் எங்கே என்று வரைபடம் வேண்டுமாம். இருபத்தாறு வருடம் அங்கே குழி வெட்டியவன் நீ. வரிசை வரிசையாக எழுதி அனுப்பு.

வெள்ளம் வந்த மறு வருடம் ஊரை விட்டுப் போனாய். பதினேழு கல்லறைத் திருநாள் போய்விட்டது, ஒன்றுக்கும் நீ எட்டிப் பார்க்கவில்லை. அத்தானும் மரம் இழைத்துக்கொண்டே உன்னைத்தான் கேட்கிறார். மூன்று வரியில் பதில் எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

உன் அக்கா

செப்டம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று வரிக்கு மேலேயே எழுதுகிறேன். இங்கே நர்சரியில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை. மண்ணை விட்டு நான் எங்கே போவது?

வாசலுக்கு நேரே முதல் சாமியார். அவருக்கு வலது பக்கம், கோயில் கிணறு தோண்டும்போது இறந்த இரண்டு பேர். தெற்கில் மூன்றாம் வரிசையில் தபால்காரர். அவருக்கு அடுத்து, ஆயுள் முழுக்க அவரோடு பேசாத அவர் அண்ணன். அன்றைக்கு வேறு இடம் இல்லை, நான் என்ன செய்ய? இனி அவர்களாகப் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். மற்றவர்கள் விவரம் தனித் தாளில் இருக்கிறது.

வடக்கு வரிசையை வரைபடத்தில் போட வேண்டாம். அங்கே நிலம் ஈரம். அளவு சரியாக வராது.

உன் தம்பி

செப்டம்பர் 16

தம்பிக்கு,

உன் தாளைச் சாமியார் இரண்டு முறை படித்துச் சிரித்தார். ஆனால் வடக்கு வரிசை வேண்டாம் என்கிறாயே, என் பிள்ளை படுத்திருக்கிற வரிசையடா அது!

திருநாளுக்குள் மரச் சிலுவைகளை எடுத்துவிட்டு, ஒவ்வொருவருக்கும் பெயர் வெட்டிய கல் வைக்கப் போகிறார்கள். நம் சின்னக்குட்டிக்கும் சொல்லிவிட்டேன். பெயரும், ஐந்து வயது என்பதும் போதும். இருபத்திரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவளிடம் போய் உட்கார்ந்து கதை சொல்லிவிட்டு வருகிறேன். என் பிள்ளை இருக்கும் இடத்தை வெறும் தாளாக விடச் சொல்ல உனக்கு எப்படி மனம் வந்தது?

சின்ன வயதில் பொய் சொன்னால் உனக்குக் காது சிவக்கும். கடிதத்திலும் அது எனக்குத் தெரிகிறது. என்னவென்று எழுது.

அக்கா

செப்டம்பர் 27

அக்கா,

கல் வைத்துவிட்டால் பிறகு மாற்ற முடியாது. அதனால் எழுதுகிறேன்.

வெள்ளம் வடிந்தபோது வடக்குச் சுவர் இல்லை, மரம் இல்லை, மண்மேடுகள் கரைந்து ஒரே சேறு. அந்த வரிசையின் இருபத்து மூன்று சிலுவைகளும் வேலிக் கம்பியில் சிக்கிக் கிடந்தன. எந்தக் குழி சுவரிலிருந்து எத்தனை அடி என்று நான் குறித்து வைத்த நோட்டும் போய்விட்டது. பாதை திறந்தால் ஊரே ஓடி வரும். அழுதுகொண்டு வருகிறவர்களிடம் வெறும் சேற்றையா காட்டுவது? காலால் அளந்து அளந்து நட்டேன். பதினாலு சரி, சத்தியம் செய்வேன். மீதி ஒன்பதும் குத்துமதிப்பு. அத்தான் செய்த சிலுவை அந்த ஒன்பதில் ஒன்று.

முதலில் வந்தவள் நீதான். சிலுவையைப் பார்த்ததும் ஓடிப்போய் மண்டியிட்டாய். "என் பிள்ளைய பத்திரமா வச்சிருக்கியேடா" என்று என் கையைப் பிடித்து அழுதாய். நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் நீ அங்கே உட்கார்ந்து கதை சொல்வதைப் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு வருடம் பார்த்தேன், அதற்கு மேல் முடியவில்லை.

அவள் அந்த வரிசையில்தான் இருக்கிறாள் அக்கா. எந்த இடம் என்றுதான் எனக்குத் தெரியாது.

தம்பி

அக்டோபர் 24

தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். அத்தான் பிடுங்கிக்கொண்டார். "அவன மட்டும் ஏன் திட்டுற? வெள்ளத்தையும் சேர்த்துத் திட்டு" என்றார். இரண்டையும் திட்டினேன். மூன்று ஞாயிறு கல்லறைப் பக்கமே போகவில்லை.

பிறகு சாமியாரிடம் சொன்னேன். நீ பெயர் எழுதாவிட்டாலும், எந்த ஒன்பது என்று உன்னோடு வேலை பார்த்த கொத்தனாருக்கு நினைவிருந்தது. ஒன்பது வீட்டாரையும் பூசைக்குப் பின் கூப்பிட்டு, உன் கடிதத்தை நானே படித்தேன். நர்சம்மா எழுந்து போய்விட்டார். தையற்காரர் மட்டும் சொன்னார்: "என் வீட்டுக்காரிக்குப் பேச்சுத்துணை வேணும். பக்கத்துல உங்க குழந்தை இருந்தா, விடாம பேசிக்கிட்டே இருந்திருப்பா, டீச்சர்."

அன்றைக்குத்தான் அந்த வரிசையில் மெதுவாக நடந்து பார்த்தேன். ஒன்பது சிலுவையின் கீழும் பூ இருந்தது. அப்படியானால் என் பிள்ளை ஒரு நாளும் பூ இல்லாமல் இருந்ததில்லை. யாரோ அவள் மேல் வைத்திருக்கிறார்கள், நானும் யார் மேலோ வைத்திருக்கிறேன். உயிரோடு இருந்தவரை யார் பேச்சையும் கேட்காத கறிக்கடைக்காரரும் அந்த ஒன்பதில் ஒருவர். பதினெட்டு வருடமாக என் முயல் கதையை அவர்தான் கேட்டுக்கொண்டிருந்தாரோ என்னவோ! சிரிப்பு வந்தது. அப்புறம் அங்கேயே உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

இப்போது ஒன்பது பேருக்கும் சேர்த்து ஒரே நீளக் கல் வைக்கிறோம். நேற்று நர்சம்மாவும் வந்து தன் அம்மா பெயரைக் கொடுத்துவிட்டுப் போனார். வரைபடத்தில் அந்த இடத்தை வெறும் தாளாக விடவில்லை. ஒன்பது பெயரையும் ஒரே கட்டத்துக்குள் எழுதியிருக்கிறேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். அது இன்னும் எனக்கு வரவில்லை. வரும்போது சொல்கிறேன்.

திருநாளுக்கு ஒன்பது மெழுகுவர்த்தி வாங்கி வைத்திருக்கிறேன். ஒன்பது தடவை குனிய என் முதுகு விடாது. அத்தானுக்கு முழங்கால் வலி. நீ வந்து ஏற்று.

உன் அக்கா