மாடிப்படி ஏறிய பசி

அம்மாவுக்கு,

ஃபோனில் சொன்னால் வேலை செய்யும் கம்பெனி என்றும் பாராமல் அழுதுவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். டீ டைமில் படி.

சளிக் காய்ச்சலில் படுத்து எழுந்ததிலிருந்து மாமாவுக்குச் சாப்பாடே இறங்கவில்லை. "பசி வராம ஊட்டாதீங்க. பசிச்சதும் சுக்கு, மிளகு, சீரகம் போட்டு, நெய் விட்டுச் சூடாக் குடுங்க" என்றார் ஆயுர்வேத வைத்தியர். அத்தையும் கீழே விதவிதமாகச் செய்து பார்த்தார். தட்டு அப்படியே திரும்பியது.

மாடியில் இந்த மருமகளுக்கென்று ஒதுக்கிய தனி அடுப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. என்னைக் கொண்டுவந்து விட்ட அன்று நீயும் கேட்டுக்கு வெளியே நின்றபடி, "அவிங்க அடுப்புப் பக்கம் போயிராத சாமி" என்றுதானே சொன்னாய்?

இன்று காலை கொள்ளுப் பயறை உன்னைப் போலவே வாசம் வர வறுத்து உடைத்தேன். சாமையோடு குழைய வேகவைத்து, ஜன்னலை அகலத் திறந்துவைத்து நெய்யில் தாளித்தேன். ஆமாம், வேண்டுமென்றேதான்!

படியில் காலடிச் சத்தம். அத்தை கீழேயிருந்து, "ஏனுங்க, எங்கீங்க போறீங்க?" என்று கத்துவது கேட்டது. மாமா தன் தட்டைத் தானே ஏந்திக்கொண்டு வந்து நின்றார்.

"பசிக்குது" என்றார்.

மூன்று வருடமாக என் கையால் தண்ணீர்கூட வாங்காதவர், வழித்துச் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தட்டை நீட்டினார். "இன்னொரு கரண்டி வை கண்ணு."

வைத்தேன். நெய்யும் விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வா அம்மா. யாரையும் கேட்கவில்லை, நான்தான் கூப்பிடுகிறேன். கேட்டுக்கு வெளியே நிற்காதே. மாமா வந்த அதே படியில் ஏறி வா.

உன் மகள்