பயணி ஏறாத விமானம்

கோலியர்ஸ் வுட், இலண்டன்
வைகாசி, ஞாயிறு

அன்பு மகள் கௌசிக்கு,

நானும் அம்மாவும் இருக்கிறோம். ரொறன்ரோவில் நீயும் விஷாலும் குழந்தை மயூராவும் சுகமாக இருக்க வேண்டும். தொலைபேசியில் சொன்னால் நீ இடையில் மறிப்பாய். ஆகவே எழுதுகிறேன். முழுவதையும் வாசித்துவிட்டுக் கோபி.

நேற்று காட்சிச்சாலைக்கு கொன்கோர்ட் விமானம் பார்க்கப் போனேன். ஹவுன்ஸ்லோவில் இருந்தபோது பின்னேரங்களில் வீட்டுக்கு மேலால் போகும். அந்த அதிர்வில் நீ தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பொத்துவாய். அந்த இனம்தான். ஆனால் காட்சிச்சாலையில் நிற்கும் இந்த விமானம் பரிசோதனைக்குப் பறந்தது. ஒலியைவிட இரண்டு மடங்கு வேகத்தில் போனால் எங்கே சூடேறும், எது தாங்கும் என்று இதைப்போன்ற சிலவற்றை வைத்துத்தான் பார்த்தார்கள். பிறகுதான் மற்றவை சனத்தை ஏற்றின. டிக்கெட் வாங்கிய ஒருவர்கூட இதில் பறந்ததில்லை. வேலை முடிந்ததும் ஒதுக்கிவிட்டு, மற்றவற்றுக்குத் தேவையான பாகங்களை இதிலிருந்து கழற்றினார்கள். கடைசியில் துண்டு துண்டாகத் தெருவால் கொண்டுவந்து பொருத்தினார்கள். நூலகத்தில் நானாக வாசித்து அறிந்தவை இவை. என்னைக் கேட்டால் அநியாயம் என்பேன்.

அம்மா செய்த வேலையைக் கேள். நான் விமானத்தில் ஏறப்போவதாகப் பக்கத்து வீட்டு அஜித்தாவிடம் சொல்லியிருக்கிறார். எங்கள் சனத்துக்கு அது போதும். கனடாவுக்கு ஆள் போகிறது என்று கதை பரவி, வெள்ளிக்கிழமை மூன்று வீட்டார் பொதியோடு வந்துவிட்டார்கள். மிளகாய்த்தூள், ஒடியல் மா, யாருடையதோ சேலை. "கடைசியா மகளிட்ட இறங்கி வந்திட்டியள் அண்ணை" என்று அஜித்தா சிரித்தாள். போகவில்லை என்றால் ஏன் என்று கேட்பார்கள். பேசாமல் வாங்கி வைத்தேன். வீட்டில் விட்டால் அம்மா திருப்பிக் கொடுத்துவிடுவார் என்று காட்சிச்சாலைக்கும் தூக்கிக்கொண்டு போனேன். பொதியோடு அந்த விமானத்தில் ஏறிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மெலனி என்று ஒரு தொண்டர், என் வயதிருக்கும், பையில் என்ன என்று கேட்டார். கனடாவுக்கு என்றேன். இது எங்கேயும் போகாதே என்று மெதுவாகச் சொன்னார். தெரியும் என்றேன். அதற்குமேல் கேட்காமல், பையை என் காலடியில் வைக்க விட்டார். எங்களை விமானத்தின் உள்ளே இருத்தி, படம் போட்டு, புறப்படும் சத்தத்தைக் கேட்கச் செய்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். எல்லோரும் இறங்கிய பிறகும் எனக்கு எழும்ப மனம் வரவில்லை. மெலனி பக்கத்தில் வந்திருந்து, கனடாவில் யார் என்று கேட்டார். பேத்தி, இன்னும் தூக்கவில்லை என்றேன்.

மாசியில் நீ சொன்னது காதிலேயே நிற்கிறது. "மயூரா பிறக்க முதல் மூண்டு தரம் நான் வந்திட்டன் அப்பா. இனி உங்கட முறை." நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். வீம்பு என்று நினைத்திருப்பாய். வீம்புதான். பெற்றவர்களைத் தேடிப் பிள்ளைதான் வர வேண்டும்; அதில் நான் இன்றைக்கும் மாறவில்லை. ஆனால் அடுத்த கிழமையே டொக்டர் என் நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, இனி விமானத்தில் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார். இந்த வருடம் மட்டுமல்ல, இனி எப்போதும். உனக்குச் சொல்லாதே என்று அம்மாவின் வாயைக் கட்டியது நான்தான். ஏலாதவன் என்று நீ இரங்குவதைவிட, பிடிவாதக்காரன் என்று ஏசுவது எனக்குப் பரவாயில்லை.

மயூரா நடக்கத் தொடங்கிவிட்டாளாம். அம்மா படம் காட்டினார். கதிரையைப் பிடித்தபடி யாரையோ பார்த்துச் சிரிக்கிறாள். படத்துக்கு வெளியே நிற்பது விஷாலாக இருக்கும்.

விஷாலுக்கு லீவு கிடைக்காவிட்டால் நீங்கள் இருவரும் வந்தால் போதும். ஹீத்ரோவுக்கு நானே வருவேன். பஸ்ஸில் வருவதற்கு டொக்டர் ஒன்றும் சொல்லவில்லை. முறை யாருடையது என்பதை நேரில் இருந்து பேசுவோம். நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நீயும் விட்டுக்கொடுக்காதே. பிள்ளையை என் மடியில் இருத்திவிட்டுச் சண்டை பிடி.

உங்கள் மூவருக்கும் ஒரு குறையும் வராது. பயணம் நல்லபடி அமையும்.

அப்பா
க. புவனேந்திரன்