குழல் முதலில், கட்டை பிறகு

லாரல் ஃபோர்க், மேற்கு வர்ஜீனியா
12 அக்டோபர் 1987

என் ஒலெட்டா அக்காவுக்கு,

டென்னி எழுதுவது. நான் நலம், துப்பாக்கிக் கடை நலம், இடுப்புவலி எங்கள் இருவரையும்விட நலம். இத்துடன் ஒரு நீளப் பெட்டி வரும். அது உனக்கல்ல, பொறாமைப்படாதே. அத்தானின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு.

போன வருஷம் அவர் அந்த ஒற்றைத் தோட்டா பிஸ்டலை வைத்துக்கொண்டு மூன்று ஓக் மரங்களைக் காயப்படுத்தினார். மான் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போயிற்று. அந்த அவமானம் நம் குடும்பத்துக்கு இன்னொரு முறை வேண்டாம். பெட்டியில் நீளக் குழல் ஒன்றும் தோள்கட்டை ஒன்றும் இருக்கின்றன. இரண்டையும் அவருடைய பிஸ்டலில் மாட்டினால் அது தோளில் வைத்துச் சுடும் கார்பைன் ஆகிவிடும்.

இனி சொல்வதை நீயே சத்தமாக அவருக்குப் படித்துக் காட்டு. அவர் கண்ணாடியைத் தேடுவதற்குள் வேட்டைக்காலம் முடிந்துவிடும். குட்டைக் குழலோடு கட்டையில்லாமல் இருந்தால் அது பிஸ்டல், குற்றமில்லை. பதினாறு அங்குலத்துக்குக் குறையாத குழலும் கட்டையும் இருந்தால் ரைஃபிள், அதுவும் குற்றமில்லை. குட்டைக் குழலில் கட்டை இருந்தால், அரை நிமிஷம் இருந்தாலும், அது பதிவு செய்யாத குட்டை ரைஃபிள். அதற்கு மத்திய அரசின் சிறை. ஆகவே மாட்டும்போது குழல் முதலில், கட்டை பிறகு. கழற்றும்போது கட்டை முதலில், குழல் பிறகு. இதை யோசித்தவனுக்கு வேறு வேலையில்லையா என்று அத்தான் கேட்பார். கேட்கட்டும், வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம்.

தாள் தீர்ந்தது. பின்பக்கத்தை உன் கடைச்சாமான் பட்டியலுக்காகக் காலியாக விட்டிருக்கிறேன். அம்மா வளர்த்த வளர்ப்பு. மீதியை வேறு தாளில் எழுதுகிறேன்.

*

கட்டை வால்நட் மரம், நானே இழைத்தது. மாட்டித் தோளில் வைத்துப் பார்க்கச் சொல், இறக்க மனம் வராது. குட்டைக் குழலைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். நம் மலைப் புதருக்குள் நுழைய அதுதான் வசதி. மாற்றிக்கொள்வது ஐந்து நிமிஷ வேலை.

நன்றித் திருநாள் வாரத்தில் இருவரும் வந்தே ஆகவேண்டும். வான்கோழியை நான் பார்த்துக்கொள்கிறேன். தித்திப்பாகப் பூசணி பை சுட எனக்குக் கை வராது, அதற்குத்தான் உன்னைக் கூப்பிடுகிறேன். வேறு காரணமில்லை.

உன் டென்னி

ஆக்ரன், ஒஹையோ
1 நவம்பர் 1987

அன்புள்ள டென்னிக்கு,

பூசணி பைக்காக மட்டும் கூப்பிடுகிறாயா? வருகிறேன், வந்து காதைத் திருகுகிறேன்.

பெட்டி வந்தது. அத்தான் வால்நட் கட்டையைத் தடவித் தடவிப் பார்க்கிறார், என் கையைக்கூட அவ்வளவு நேரம் பிடித்ததில்லை. உன் கடிதத்தை மூன்று தடவை சத்தமாகப் படித்துக் காட்டினேன். மூன்றாம் தடவை, “ஏண்டி, உன் தம்பி துப்பாக்கி அனுப்பிச்சானா, ஞாயித்துக்கிழமை பாடம் அனுப்பிச்சானா?” என்றார். நான் விடவில்லை. குழல் முதலில், கட்டை பிறகு என்று பாத்திரம் கழுவும்போதுகூட என் வாயில் பாட்டாக வருகிறது. போதுமா?

ஒரு குறை. பக்கத்துக்கு எண் போடமாட்டேன் என்று சபதமா எடுத்திருக்கிறாய்? தாள்கள் தரையில் விழுந்து, எது முன்னே எது பின்னே என்று நான் திண்டாடினேன். இப்போது இரண்டும் அம்மாவின் பைபிளுக்குள் பத்திரமாக இருக்கின்றன.

சந்தோஷச் செய்தியைக் கடைசிக்கு வைத்தேன். டயர் தொழிற்சாலை மூடி இரண்டு வருஷம் அல்லாடிய பிறகு, அத்தானுக்கு மாவட்டச் சிறையில் காவலர் வேலை கிடைத்துவிட்டது. காப்பீடும் உண்டு. சீருடை போட்டு நின்றபோது நான் அழுதுவிட்டேன். அவரும்தான், கேட்டால் இல்லை என்பார்.

உன் அக்கா,
ஒலெட்டா

லாரல் ஃபோர்க்
3 பிப்ரவரி 1988

அன்பு அக்காவுக்கு,

போன் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். ஆகவே எழுதுகிறேன்.

திங்கட்கிழமை மத்திய அரசு ஆட்கள் மூன்று பேர் கடைக்கு வந்தார்கள். லைசென்ஸைப் பார்த்தார்கள், பதிவேடுகளைக் கட்டி எடுத்துக்கொண்டார்கள். பிறகு ஒரு போட்டோவை என் மேஜைமேல் வைத்தார்கள். அத்தான், பக்கத்தில் எட்டுக் கிளைக் கொம்பு மான், கையில் அந்தத் துப்பாக்கி. வால்நட் கட்டையும் இருக்கிறது, குட்டைக் குழலும் இருக்கிறது. நன்றித் திருநாளுக்கு வந்தபோது அவர் தனியாக மலைக்குப் போய்ச் சுட்டது.

நம் ஊரில் மானைச் சுட்டால் கணக்குக் கொடுக்கப் போகும் பெட்ரோல் கடையில், சுவரில் படம் குத்தி வைப்பார்களே, அங்கே இரண்டு மாதம் தொங்கியிருக்கிறது. ஊரே பார்த்துக் கைகொடுத்த படம். காப்பி குடிக்க வந்த ஒருவன் மானைப் பார்க்காமல் குழலைப் பார்த்திருக்கிறான்.

என்ன நடந்தது என்று எனக்குப் புரிகிறது. புதருக்குள் இறங்கும் முன் குட்டைக் குழலை மாட்டினார், கட்டையைக் கழற்ற மறந்தார். அல்லது கழற்ற மனம் வரவில்லை. மடத்தனம், அவ்வளவுதான். ஆனால் அந்த அதிகாரி, “இப்படி மாட்டச் சொன்னது நீங்கதான்னு உங்க அத்தான் சொல்றாரே” என்றான். “அவரு பயத்துல உளறியிருப்பாருங்க. எப்படி மாட்டணும்னு வரிசையா எழுதி அனுப்பியிருக்கேன், அக்காகிட்ட இருக்கு” என்றேன்.

பைபிளைத் திற அக்கா. இரண்டு தாளையும் பதிவுத் தபாலில் அனுப்பு. அத்தானைத் திட்டாதே, நான் நேரில் திட்டிக்கொள்கிறேன்.

உன் டென்னி

ஆக்ரன்
20 பிப்ரவரி 1988

டென்னிக்கு,

இந்த வீட்டில் நாங்கள் தூங்கி மூன்று வாரம் ஆகிறது. உன் அத்தான் கார்லைச் சிறை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தண்டனை வந்தால் அந்த வேலைக்குள் காலெடுத்து வைக்க முடியாது. ஐம்பது வயது ஆளுக்கு இந்த ஊரில் வேறு யார் வேலை தருவார்கள், நீயே சொல்.

உன் கடிதத்தைத் தேடினேன். ஒரு தாள்தான் இருந்தது, வால்நட் கட்டையைப் பற்றி எழுதிய தாள். அதைக் கார்லின் வக்கீல் வாங்கிக்கொண்டார். முதல் தாள் கிடைக்கவில்லை. ஜனவரியில் குழாய் வெடித்துச் சமையலறை முழுக்கத் தண்ணீர், நனைந்த காகிதத்தையெல்லாம் வாரிக் கொட்டினோம். அதில் போயிருக்கும்.

உன் மேல் வழக்குப் போட்டுவிட்டார்கள், கோர்ட்டில் வந்து சொல் என்று உன் வக்கீலம்மா எழுதியிருந்தாள். நான் கார்லின் மனைவி, டென்னி. அவர் ஒன்று சொல்ல நான் ஒன்று சொல்ல முடியுமா? உனக்குக் குடும்பம் இல்லை, உனக்குப் புரியாது. இதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

நான் எழுதியதாக யாரிடமும் சொல்லாதே.

ஒலெட்டா

லாரல் ஃபோர்க்
29 மே 1988

அக்காவுக்கு,

நீ கோர்ட்டில் கடைசி பெஞ்சில் இருந்தாய். நான் இரண்டு தடவை திரும்பினேன். இரண்டு தடவையும் நீ கைப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாய்.

ஆரம்பத்தில் என் வக்கீலம்மா தைரியமாகத்தான் இருந்தாள். “குழலையும் கட்டையையும் தனித்தனியா அனுப்பறது தப்பே இல்ல, டென்சில். பிஸ்டலும் இந்தச் சாமானும் ஒரே வீட்டுல இருந்தாலே குட்டை ரைஃபிளான்னு கேட்டா, கோர்ட்டுக்குக் கோர்ட்டு ஒரு பதில் சொல்றாங்க. அதை நான் சமாளிச்சுக்கறேன். ஆனா நீ எப்படி மாட்டச் சொன்னேங்கறதுதான் இங்க கேள்வி. அந்தத் தாள் வேணும்” என்றாள்.

தாள் இல்லை. அத்தான் புதுவெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அரசுத் தரப்புச் சாட்சியாகக் கூண்டில் ஏறினார். பெட்டியிலிருந்து எடுத்த மடிப்புக்கூட மார்பில் அப்படியே இருந்தது. “அவன் துப்பாக்கி வேலை தெரிஞ்சவன், எனக்கு என்னங்க தெரியும், சொன்னபடி செஞ்சேன்” என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார், அந்த அளவுக்காவது வெட்கம் இருந்தது.

பிறகு அரசு வக்கீல் என் எழுத்தையே எனக்குப் படித்துக் காட்டினான். கட்டையை மாட்டித் தோளில் வைத்துப் பார். குட்டைக் குழல்தான் புதருக்கு வசதி. ஐந்து நிமிஷ வேலை. அந்தத் தாளை மட்டும் படித்தால் நானே என்னைக் குற்றவாளி என்பேன்.

“இது உங்க கையெழுத்துதானே?”

“ஆமாங்க. இதுக்கு முன்னாடி ஒரு தாள் இருக்கு.”

“இதுல பக்க எண் எதுவும் இல்லையே.”

“நான் எண் போட மாட்டேங்க. அக்கா எப்பவும் திட்டும்.”

ஜூரியில் ஒரு பெண் சிரித்துவிட்டாள். இரண்டே மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். ஜூலையில் தண்டனை சொல்வார்கள், ஒரு வருஷம் இருக்கும் என்கிறாள் வக்கீலம்மா. உள்ளே போய் வந்தாலும் இனி உயிருள்ளவரை துப்பாக்கியைத் தொடக் கூடாது, பழுது பார்க்கவும் கூடாது. இருபத்திரண்டு வருஷக் கடை, அக்கா. வேறு எதுவும் எனக்குச் செய்யத் தெரியாது.

அத்தானைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை, அவர் உன் வீட்டுக்காரர், என் ரத்தமில்லை. ஆனால் மூன்று தடவை சத்தமாகப் படித்தேன் என்று எனக்கு எழுதியது நீ. அந்த உன் கடிதத்தைக் கடை முழுக்கத் தேடினேன், பதிவேடுகளோடு போயிற்றா தெரியவில்லை. கேட்டால் அப்படி எதுவும் இல்லை என்கிறார்கள். நீ எழுந்து நின்று அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் போதும்.

எனக்கு ஆறவில்லை. ஆனாலும் தாள் தண்ணீரில் போயிற்று என்று நீ சொன்னால் நம்புகிறேன். அம்மா போனபின் எனக்குச் சோறு போட்டவள் நீ, என்னிடம் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. பயந்துவிட்டாய், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

டென்னி

ஆக்ரன்
11 டிசம்பர் 1988

என் கண்ணான டென்னிக்கு,

உள்ளே குளிருக்குப் போர்வை தருகிறார்களா? சாப்பாட்டில் உப்பாவது இருக்கிறதா? கார்லுக்கு வேலை திரும்பக் கிடைத்து, தினமும் கைதிகள் சாப்பிடுவதை அவர் வந்து சொல்லும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

ஒரு அதிசயம் நடந்தது, டென்னி. நேற்று கிறிஸ்துமஸுக்காகச் சமையலறை அலமாரியை நகர்த்திச் சுத்தம் செய்தேன். பின்னால் சுவரோரம் உன் முதல் தாள் கிடந்தது! போன குளிர்காலத்திலிருந்து அங்கேயே கிடந்திருக்கிறது, நான் கண்ணாலேயே பார்க்கவில்லை. அம்மா மேல் ஆணை. பார்த்ததும் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

இத்துடன் வைத்திருக்கிறேன். உன் வக்கீலம்மாவிடம் கொடு. கார்ல் மேல் இனி வழக்குப் போட மாட்டோம் என்று எழுத்தில் கொடுத்துவிட்டார்கள், அதனால் இப்போது யாருக்கும் கெடுதல் இல்லை. கடை திரும்பக் கிடைக்கும் என்றால் எனக்கு அதைவிட என்ன வேண்டும். அடுத்த நன்றித் திருநாளுக்கு நாம் மூவரும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும். பூசணி பை இரண்டு செய்கிறேன்.

என்றும் உன் அக்கா,
ஒலெட்டா

மத்திய சிறை, கென்டக்கி
8 ஜனவரி 1989

திருமதி ஒலெட்டா ஸ்டம்ப் அவர்களுக்கு,

உங்கள் கடிதமும் தாளும் கிடைத்தன. போர்வை தருகிறார்கள். உப்பு இருக்கிறது.

தாளை எடுத்து என் எழுத்தை ஒருமுறை படித்தேன். குழல் முதலில், கட்டை பிறகு. தெளிவாகத்தான் எழுதியிருக்கிறேன், எந்த ஜூரிக்கும் புரியும். சந்தோஷத்தில் பக்கத்துக் கட்டில்காரனிடம் காட்டினேன். அவன் வாங்கி, திருப்பிப் பார்த்துவிட்டு, “இது என்னப்பா, யாரோ கடைக்குப் போன லிஸ்ட்டா?” என்று கேட்டான்.

பின்பக்கத்தை நீங்கள் பார்க்கவில்லை போலிருக்கிறது. அல்லது எழுதியதை மறந்துவிட்டீர்கள். எல்லாப் பின்பக்கத்திலும் எழுதும் பழக்கம் அப்படி. பென்சிலில், உங்கள் கையெழுத்தில், நான்கு வரி இருக்கிறது. முட்டை. மாவு. ப்ளீச். கார்லுக்கு வெள்ளைச் சட்டை, வியாழன் கோர்ட்.

வழக்கு நடந்தது மே பத்தொன்பது, வியாழக்கிழமை. அன்றைக்கு அந்தத் தாள் அலமாரிக்குப் பின்னால் இல்லை. அந்த வாரம் கடையில் உங்கள் கையில் இருந்திருக்கிறது. கோர்ட்டில் நீங்கள் கைப்பைக்குள் எதைத் தேடினீர்கள் என்று எட்டு மாதம் யோசித்தேன், இனி யோசிக்க வேண்டியதில்லை.

வக்கீலம்மாவிடம் போனில் பேசினேன். யார் என்று சொல்லாமல் கேட்டேன். “முன்பக்கத்தை மட்டும் காட்ட முடியாது, தாள்னா ரெண்டு பக்கமும்தான். இந்தப் பக்கம் உன்னை வெளியே விடும், அந்தப் பக்கம் மறைச்சு வெச்சவங்களை உள்ளே தள்ளும்” என்றாள்.

ஆகவே தாளைத் திருப்பி அனுப்புகிறேன். பயப்படாதீர்கள், நகல் எடுக்கவில்லை. பைபிளில் வைக்க வேண்டாம், அடுப்பில் போட்டுவிடுங்கள். எனக்கு இன்னும் எட்டு மாதம்தான், இருந்துவிடுவேன். நீங்கள் இங்கே இருப்பதை என்னால் பார்க்க முடியாது. அது உங்கள் மேல் உள்ள பாசம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அம்மாவுக்காக.

கார்லைக் காப்பாற்ற வேண்டுமென்றால் என்னிடம் கேட்டிருக்கலாம். “டென்னி, அவரை விட்டுடு, பழியை நீ ஏத்துக்கோ” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கடவுள் சாட்சியாக, நான் ஏற்றிருப்பேன். முதலில் சொல்லிவிட்டுப் பிறகு கழற்றி விட்டிருக்க வேண்டும். நீங்கள் வரிசையை மாற்றிவிட்டீர்கள்.

இனி எழுத வேண்டாம். வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன். தம்பி என்றும் யாரிடமும் சொல்ல வேண்டாம்.

அந்தப் பட்டியலில் முட்டையும் மாவும் ப்ளீச்சும் வாங்கினீர்களா என்று எனக்குத் தெரியாது. நான்காவதை வாங்கினீர்கள். மடிப்போடு பார்த்தேன்.

டென்சில் ரிஃப்