டேங்க் மூடியில இருக்கிற சின்ன ஸ்குரூ

டிலுக்ஷி அப்பா,

ரொட்டியும் கட்டசம்பலும் அடுப்படியில மூடி வச்சிருக்கேன். நான் அலுவிகாரைக்கு அக்காவப் பாக்கப் போறேன். காலையில பத்து மணி பஸ்ல திரும்பிடுவேன்.

போட் எஞ்சினுக்கு இனி பிளக் மாத்தாதீங்க, காபரேட்டரையும் கழட்டாதீங்க. பெட்ரோல் டேங்க் மூடியில ஒரு சின்ன ஸ்குரூ இருக்குல்ல? நீங்க டேங்க வீட்டுக்குள்ள கொண்டுவந்து வச்சதும், வாடை தாங்காத அன்னைக்கெல்லாம் அத நான்தான் இறுக்கி மூடுவேன். மூடியிருந்தா உள்ள காத்து போகாம, கொஞ்ச தூரம் ஓடி இழுவை கொறஞ்சு எஞ்சின் நின்னுடுமாம். போன ஞாயிறு பூசை முடிஞ்சு பக்கத்து போட்டுக்கார ஜெஸ்டின் அண்ணன் சொன்னாரு.

அதுக்குப் பொறகும் மூடினேன். டிலுக்ஷி கொழும்புக்கு வேலைக்குப் போனதுலருந்து இந்த வீட்டுல பேச ஆள் இல்ல. எஞ்சின் நின்ன அன்னைக்குத்தான் நீங்க நேரத்தோட வந்து, என்னத் திட்டிக்கிட்டாவது பக்கத்துல இருந்தீங்க.

நேத்து நடுக்குளத்துலருந்து துடுப்புப் போட்டு வந்த உங்க கையப் பாத்தேன். பூரா கொப்புளம். நேர்ல சொல்ல எனக்கு முகம் இல்ல.

ஸ்குரூவத் திறந்து விட்டிருக்கேன்.

மரியாயி

கைக்குத் தேங்காயெண்ணெய் பூசுங்க, ஜன்னல்ல இருக்கு.

எஞ்சின் இனி நிக்காது. நிக்காட்டியும் பகல் சோத்துக்கு வீட்டுக்கு வாங்க.