இருநூற்றுப் பதினாறு கையெழுத்து

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது.

அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. உன் மருமகள் முன்பல் இரண்டும் விழுந்து பொக்கைவாயோடு திரிகிறாள். உனக்கு நான்கு தடவை போன் அடித்தேன். கூட்டத்தில் இருப்பதாகச் செய்தி மட்டும் வந்தது. அதனால்தான் கடிதம். இதை நடுவில் வெட்ட முடியாது அல்லவா.

திங்கட்கிழமை நகராட்சிச் சுவரில் உங்கள் கம்பெனியின் சோலார் திட்டத்தை ஒட்டினார்கள். கூட்டத்தோடு நின்று நானும் படித்தேன். நம் மாடிகளில் எடுக்கும் கரண்ட் முதலில் ஆஸ்பத்திரிக்கு, பிறகு குடிநீர் மோட்டாருக்கு, பிறகு வீடுகளுக்கு, மிஞ்சினால்தான் வெளியே என்று என் சமையலறையில் உட்கார்ந்து படம் போட்டுக் காட்டினாயே, சுவரில் இருப்பது வேறு. அத்தனையும் ஊருக்கு வெளியே வரப்போகும் குளிர்பதனக் கிடங்குக்காம். கரண்ட் போனால் நமக்கு ஒன்றும் கிடையாதாம். இருபத்தைந்து வருஷத்துக்குக் கம்பெனியைக் கேட்காமல் எவரும் தன் மாடியில் ஒரு செங்கல் வைக்கக் கூடாதாம். கீழே திட்டம் தயாரித்தவர் என்று உன் கையெழுத்து. பின்னால் சம்மதம் தந்த இருநூற்றுப் பதினாறு வீட்டுக்காரர்களின் கையெழுத்து. எல்லாம் நான் வாங்கியது.

என் தப்பு எனக்குத் தெரியும். பதினெட்டு வருஷமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். ஆபரேஷன் படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும், பெரிய டாக்டரே அவசரப்படுத்தினாலும், நோயாளி கையில் பேனாவைத் தரமாட்டேன். அப்படிப்பட்டவள், "கணக்கு இன்னும் முடியலக்கா, கையெழுத்தை வாங்கி வை, ரெண்டாம் பக்கத்தை அப்புறம் நிரப்பிக்கிறேன்" என்று நீ சொன்னதும் வெற்றுத் தாளைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தேன். வேறு யாராவது சொல்லியிருந்தால் விரட்டியிருப்பேன். தம்பியாயிற்றே என்று புத்தி மழுங்கிவிட்டது.

தையல்காரர் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். கைக்குழந்தையோடு வரப்போகும் மகளுக்காக மாடியில் ஓர் அறை கட்ட இருந்தவர். சண்டை போடவில்லை. "நான் எங்க படிச்சேன்? நீங்க சொன்னீங்கன்னுதான் போட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நேற்று ஒருத்தி, குழந்தைக்குத் தடுப்பூசி போடுவதற்கு முன் மருந்துக் குப்பியைக் கேட்டு வாங்கித் தேதி பார்த்தாள். பார்க்க வேண்டியதுதான், நானே சொல்லிக்கொடுத்ததுதான். ஆனால் இத்தனை வருஷத்தில் என் கையிலிருந்து யாரும் வாங்கிப் பார்த்ததில்லை.

உன்னையும் யாரோ ஏமாற்றியிருப்பார்கள் என்றுதான் முதலில் மனசைத் தேற்றிக்கொண்டேன். பிறகு உன் கையெழுத்துக்குக் கீழே இருந்த தேதியைப் பார்த்தேன். அதற்கு ஒன்பது நாள் கழித்துத்தான் நீ கடைசியாக இங்கே வந்தாய். நான் பரிமாறிய சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே, இன்னும் நாற்பது வீடு பாக்கி, முடித்துக்கொடு அக்கா என்றாய். நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்று ஊரில் சொல்வார்கள். அது நம் வீட்டுக்குள் நடக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நகராட்சியில் கருத்துக் கேட்கும் கூட்டம். கையெழுத்து வாங்கும்போது தாள் வெறுமையாக இருந்தது என்று எழுந்து சொல்லப் போகிறேன். சொன்னால் அந்தச் சம்மதம் செல்லாது என்கிறார் வக்கீல். உன் வேலை போகும் என்றும் சொன்னார். என் வேலையும் போகலாம். உன் பேரைச் சொல்லாமல் முடிக்கக் கூடாதா என்று அம்மா அழுகிறாள். யார் சொல்லி வாங்கினாய் என்று கேட்டால் நான் என்ன சொல்வது?

நீயே வந்து சொல்லிவிடு. நீ சொன்னால் அது திருத்தம். நான் சொன்னால் காட்டிக்கொடுப்பது. பேசுகிறவர்கள் பட்டியலில் என் பேர் முதலில் இருந்தது. கேட்டுக் கடைசிக்கு மாற்றிக்கொண்டேன். எனக்கு முன்னால் பதினோரு பேர் இருக்கிறார்கள், நம் ஊர்க்காரர்கள் சுருக்கமாகப் பேசுகிற ஆட்களும் இல்லை. முதல் பஸ்ஸைத் தவறவிட்டாலும் அடுத்ததில் வந்துவிடலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். எங்கே இருந்தாலும் நன்றாக இரு.

உன் அக்கா