அப்பா சொல்லி நான் எழுதாத வரி

லாரல் ஃபோர்க், கென்டக்கி
9 மார்ச் 1953, திங்கள் இரவு

அன்புள்ள டென்சில் அண்ணா,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே, காரில் உன் பக்கத்தில் உட்காரும் பான்ஜோ வாசிப்பவருக்குக்கூட. படித்ததும் நெருப்பில் போட்டுவிடு. இங்கே அப்பாவும் நானும் நலமாக இருக்கிறோம், நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாததால் எப்போதும் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். இதை அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் இருட்டில் எழுதுவதால்தான்.

சனிக்கிழமை ரேடியோவில் உன்னைக் கேட்டோம். நீ மாண்டலின் வாசித்த வேகத்துக்கு அப்பாவின் பூட்ஸ் தானாகத் தரையைத் தட்டியது. பிறகு அறிவிப்பாளர் வீட்டைப் பற்றிக் கேட்டதும் நீ சிரித்துக்கொண்டே, "எங்க அப்பாவுக்கு மாண்டலின்னா ஆகாதுங்க. மூணு வருஷமா வீட்டுக்கு வான்னு ஒரு வார்த்தை இல்ல" என்றாய். அடுத்த வாரம் உன் குழு தூரத்து லூசியானா ரேடியோவுக்கே போய்விடுகிறது, இனி இந்தப் பக்கம் வரப்போவதில்லை என்றும் சொன்னாய். அப்பா எழுந்து ரேடியோவை நிறுத்திவிட்டார். இன்று சாயங்காலம் சுரங்கக் கம்பெனியின் கடையில் பக்கத்து வீட்டு ராயல் எல்லார் முன்னாலும் அப்பாவிடம், "என்ன எஸ்டில், புள்ளைய விரட்டிட்டு அவன் வாசிக்கறத மட்டும் ஓசில கேக்கறியாமே?" என்றார். அப்பா சாமானை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். திரும்பி வரும்போது, "பாப்பா, நான் சொன்னதெல்லாம் எழுதினேல்ல?" என்று கேட்டார். எழுதினேன் என்று பொய் சொன்னேன்.

எழுதவில்லை அண்ணா. ஒவ்வொரு கடிதத்திலும் அவர், "அவன வரச் சொல்லு. மாண்டலின அடுப்புல வைப்பேன்னு அவன் கிளம்பின அன்னிக்கு நான் கத்தினது தப்பு. நம்ம சபையிலதான் பாட்டுக்கு வாத்தியம் கூடாது, என் வீட்டுல எவன் கேக்கறது? எடுத்துக்கிட்டே வரட்டும்" என்பார். நான் சோளம், பசுமாடு, மழை என்று எழுதி அதோடு மடித்து ஒட்டிவிடுவேன். உன் பதில்களை அவருக்குப் படிக்கும்போதும், அப்பா ஏன் கூப்பிடவில்லை என்று நீ கேட்ட இடங்களைத் தாண்டிவிட்டேன். இப்போது அப்பாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது, நாளை உன் கடிதங்களை எங்கள் டீச்சரிடம் கொண்டுபோய்ப் படிக்கச் சொல்லப் போகிறார்.

நீ வந்தால் அவருடைய நிலக்கரித் தூசி இருமலைக் கேட்பாய், கேட்டால் அவருக்குப் பதிலாகச் சுரங்கத்தில் இறங்கிவிடுவாய் என்று பயந்தேன். சுரங்கத்து நிலக்கரி வண்டியில் சிக்கி, உன்னோடு படித்த கர்ட்டிஸுக்கு இடது கையில் இரண்டு விரல்தான் மிச்சம். உன் விரல்களை நினைத்தேன். அது மட்டும் என்றால் பரவாயில்லை. பள்ளியில் என்னை ரேடியோக்காரன் தங்கச்சி என்கிறார்கள், நீ இங்கேயே தங்கிவிட்டால் அந்தப் பெயர் போய்விடுமே என்றும் நினைத்தேன். அதற்காக உன்னிடமிருந்து அப்பாவை மூன்று வருஷம் பறித்துவிட்டேன்.

லூசியானா போகும் முன் ஒரு நாளாவது வா. சுரங்கத்தில் இறங்க மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு வா. நடு ராத்திரியில் கார் ஓட்டுகிறவரைத் தூங்கவிடாதே, பேசிக்கொண்டே இரு. கர்த்தர் உன் கைகளைக் காக்கட்டும். இதுவும் அப்பா முடிவில் சொல்வதுதான், இதையும் நான் ஒருமுறைகூட எழுதியதில்லை.

கதவைத் தட்டுகிறார். "அவனுக்குத்தானே எழுதற, திற பாப்பா" என்கிறார். குரலில் கோபமே இல்லை அண்ணா, அதுதான் பயமாக இருக்கிறது. திறக்கப் போகிறேன்.